தொழுஉரமும் யூரியாவும்: செடிக்கு வேற்றுமை தெரியுமா?

காய்கறிக் கடையில் இரண்டு கூடைத் தக்காளி இருக்கிறது. இரண்டும் ஒரே நிறம், ஒரே பருமன். ஒரு கூடையில் மட்டும் 'இயற்கை முறையில் விளைந்தது' என்று ஓர் அட்டை செருகியிருக்கிறது. விலையும் ஒன்றரை மடங்கு. அந்த அதிகப்படியான பணத்துக்கு வாங்குகிறவர் எதைப் பெறுகிறார்? கூடுதல் சத்தையா, கூடுதல் சுவையையா, நஞ்சின்மையையா, அல்லது வெறும் மனத்திருப்தியையா?

இக்கேள்விக்கு இருவகையான பதில்கள் உடனே வரும். 'இரசாயன உரம் போட்டு விளைந்தது எல்லாம் விஷம்' என்பார் ஒருவர். 'இதெல்லாம் பணக்காரர்களின் பொழுதுபோக்கு; உரம் இல்லாவிட்டால் ஊரே பட்டினி' என்பார் மற்றொருவர். இருவருமே கணக்குப் பார்த்துச் சொல்வதில்லை. பௌதிக ஆசிரியனுக்கு வயலில் என்ன வேலை என்று நீங்கள் நினைக்கலாம். எங்கிருந்து எவ்வளவு வந்தது, எங்கே எவ்வளவு போயிற்று என்று வரவு செலவு பார்ப்பதுதான் பௌதிகத்தின் பாதி வேலை. அந்த முறையில் இதையும் பார்ப்போம்.

வேர் உண்பது என்ன?

செடி எருவைத் தின்பதில்லை. வேரின் மெல்லிய தூவிகள் வழியே நீரும், நீரில் கரைந்த உப்புகளும்தாம் உள்ளே போகின்றன. தழைச்சத்து எனப்படும் நைட்ரஜனை எடுத்துக்கொள்வோம். பெரும்பாலான பயிர்கள் அதை நைட்ரேட்டாகவோ, அம்மோனியமாகவோதான் உறிஞ்சுகின்றன. வயலில் யூரியாவைத் தூவினால், மண்ணில் உள்ள ஒரு நொதி சில நாட்களில் அதை அம்மோனியமாகப் பிரித்துவிடும். பாக்டீரியாக்கள் அதை நைட்ரேட்டாக மாற்றும். சாணத்திலும் இலைதழையிலும் இருக்கும் புரதமும் இதே வழியில்தான் போகிறது. முதலில் அம்மோனியம், பிறகு நைட்ரேட். வேறுபாடு வேகத்தில்தான் இருக்கிறது. யூரியா ஓரிரு வாரங்களில் செலவாகிவிடும். எரு மாதக்கணக்கில், சில சமயம் ஆண்டுக்கணக்கில், சிறுகச் சிறுகக் கொடுக்கும்.

ஒரு நைட்ரேட் அயனியில் ஒரு நைட்ரஜன் அணு, மூன்று ஆக்சிஜன் அணுக்கள். அது தொழுவத்திலிருந்து வந்ததா, தொழிற்சாலையிலிருந்து வந்ததா என்று அதன்மேல் எழுதியிருக்காது. வேர் அதன் ஜாதகத்தைக் கேட்பதும் இல்லை.

இது வெறும் ஏட்டுக் கணக்கு அன்று. லண்டனுக்கு வடக்கே ராதம்ஸ்டெட் என்னும் இடத்தில் 'பிராட்பாக்' என்ற வயல் ஒன்று உண்டு. ஜான் லாஸ், ஹென்றி கில்பர்ட் என்னும் இருவர் 1843-ஆம் ஆண்டில் அங்கே கோதுமை விதைத்து ஒரு சோதனையைத் தொடங்கினார்கள். ஒரு பாத்திக்கு ஆண்டுதோறும் ஹெக்டேருக்கு 35 டன் தொழுஉரம்; மற்றவற்றுக்கு வெவ்வேறு அளவில் இரசாயன உரம்; ஒரு பாத்திக்கு எதுவுமே இல்லை. சோதனை இன்றளவும் நடக்கிறது. உலகிலேயே நெடுங்காலமாக நடந்துவரும் வேளாண்மைச் சோதனை இதுதான். நம் கோயம்புத்தூரிலும் 1909-இல் தொடங்கிய நிரந்தர எருச் சோதனை ஒன்று உண்டு என்பதைப் பலர் அறியார்.

பிராட்பாக் வயல் சொன்ன பதில் இரு கட்சியினருக்குமே முழுத் திருப்தி தராது. தொழுஉரப் பாத்தியும், போதிய இரசாயன உரம் பெற்ற பாத்தியும் நூறாண்டுக்கு மேலாக ஏறத்தாழ ஒரே விளைச்சலைத் தந்தன. விளைச்சலை மட்டும் பார்ப்பவர் இதோடு நோட்டை மூடிவிடலாம். ஆனால் மண்ணைத் தோண்டிப் பார்த்தபோதுதான் வேற்றுமை தெரிந்தது. தொழுஉரம் பெற்ற மண்ணில் இருந்த கரிமப் பொருள், இரசாயன உரம் மட்டும் பெற்ற மண்ணில் இருந்ததைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் ஆகியிருந்தது. இன்னொன்றையும் கவனித்தார்கள். ஒவ்வொரு பாத்திக்கும் அடியில் வடிகால் குழாய் பதித்திருந்தார்கள். மழை பெய்தால் மற்றப் பாத்திகளின் குழாய்களில் நீர் ஓடும். தொழுஉரப் பாத்தியின் குழாயிலோ நீர் வருவது அரிதாக இருந்தது. அதே மழை, அடுத்தடுத்த நிலம். தண்ணீர் எங்கே போயிற்று?

மண் வெறும் தூள் அன்று

இதை நீங்களே வீட்டில் பார்க்கலாம். நெடுநாளாக உழுது, எரு காணாத வயலிலிருந்து சிறு மண்கட்டி ஒன்றை எடுங்கள். மரத்தடியிலோ, நன்றாக எரு இட்ட தோட்டத்திலோ இருந்து அதே அளவில் இன்னொன்று. இரண்டையும் நிழலில் நன்றாக உலர்த்துங்கள். இரண்டு கண்ணாடித் தம்ளர்களில் நீர் நிரப்பி, ஒவ்வொன்றிலும் ஒரு கம்பிவலைத் துண்டை வளைத்து வைத்து, அதன்மேல் கட்டிகளை மெதுவாக இறக்குங்கள். எரு காணாத கட்டி பெரும்பாலும் ஓரிரு நிமிடங்களில் பொலபொலவென்று உதிர்ந்து கலங்கலாகிவிடும். மற்றது குமிழி விட்டுக்கொண்டு அப்படியே நிற்கும். இரண்டும் ஒரே வகை மண்ணாக இருத்தல் நலம். களிமண்ணையும் மணலையும் ஒப்பிட்டுவிட்டு என்னைக் குறை சொல்லாதீர்கள்.

கட்டி ஏன் உடைகிறது? உலர்ந்த கட்டியின் நுண்துளைகளுக்குள் நீர், விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல, நாலாபுறமிருந்தும் ஏறுகிறது. உள்ளே இருந்த காற்று வெளியேற வழியில்லாமல் நடுவில் மாட்டிக்கொண்டு அழுத்தப்படுகிறது. அழுத்தம் மிகுந்ததும் கட்டி உள்ளிருந்து வெடிக்கிறது. மட்கு நிறைந்த மண்ணில் இந்த வெடிப்பைத் தாங்கும் பிணைப்பு உண்டு. பூஞ்சைகளின் நூலிழைகள் மணல் துகள்களை வலைபோல் சுற்றிக் கட்டியிருக்கின்றன. நுண்ணுயிர்கள் சுரக்கும் பசை அவற்றை ஒட்டவைக்கிறது. இந்த உயிர்களுக்கெல்லாம் உணவு கரிமப் பொருள்தான். யூரியா செடிக்கு உணவாகும். இவற்றின் பசியை அது மட்டும் ஆற்றாது.

இப்போது மழையை நினைத்துப் பாருங்கள். ஐந்து மில்லிமீட்டர் குறுக்களவுள்ள மழைத்துளி ஒன்று வினாடிக்கு ஏறத்தாழ 9 மீட்டர் வேகத்தில் தரையை அடிக்கிறது. வெறும் நிலத்தில் இலட்சக்கணக்கான சிறு சுத்தியல்கள் அடித்தாற்போல்தான். பிணைப்பில்லாத கட்டிகள் உடைந்து, நுண்ணிய துகள்கள் மண்ணின் துளைகளை அடைத்து, மேலே ஒரு தோல் படிந்துவிடுகிறது. அதன்பின் பெய்யும் மழை உள்ளே இறங்காது. மண்ணையும் வாரிக்கொண்டு ஓடையில் சேரும். கோடைமழை பெய்த மறுநாள் வயலில் ஏடுபோல் காய்ந்து சுருண்டு கிடக்கும் மண்ணைப் பார்த்திருப்பீர்களே, அதுதான் அந்தத் தோல்.

இங்கே ஒரு மிகையையும் சுட்டிக்காட்ட வேண்டும். மட்கு கொஞ்சம் கூடிவிட்டால் மண் பஞ்சுபோல் நீரைக் குடித்து வைத்துக்கொள்ளும் என்று மேடைகளில் பெரிய பெரிய எண்களைச் சொல்கிறார்கள். உலகெங்கும் எடுத்த அளவீடுகளைத் தொகுத்து 2018-இல் வெளியான ஓர் ஆய்வின்படி, மண்ணில் கரிமம் 1 சதவீதம் கூடினால், 10 சென்டிமீட்டர் ஆழத்துக்கு ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மேலாகத்தான் பயிருக்கு உதவும் நீர் கூடுகிறது. 20 சென்டிமீட்டர் மேல்மண்ணை எடுத்துக்கொண்டால் ஏக்கருக்கு ஒன்பதாயிரம் லிட்டர் சொச்சம். அதாவது ஒரு தண்ணீர் லாரி. வெயில் காலத்தில் பயிர் அதை அரை நாளில் குடித்துவிடும். மணற்பாங்கான நிலத்தில் இலாபம் இதைவிட அதிகம். ஆனால் 5 சென்டிமீட்டர் மழை ஒரு ஏக்கரில் பெய்தால் அது இரண்டு இலட்சம் லிட்டர்! அதில் பாதி ஓடிப்போவதா, உள்ளே இறங்குவதா என்பதை அந்த மேல்தோல் தீர்மானிக்கிறது. எருவின் பெரிய இலாபம் சேமிப்பைவிட, வாசலைத் திறந்து வைப்பதில்தான் இருக்கிறது. மானாவாரி உழவனுக்கு இது தக்காளியின் விலையைவிடப் பெரிய சங்கதி.

மூட்டைக்குள் இருக்கும் டீசல்

காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன். இருந்தும் செடிக்கு அது எட்டாக் கனி. காரணம், இரண்டு நைட்ரஜன் அணுக்களும் மூன்று பிணைப்புகளால் இறுகக் கட்டுண்டிருக்கின்றன. அதை அறுக்க ஒரு மோலுக்கு 945 கிலோ ஜூல் ஆற்றல் வேண்டும். ஜெர்மனியில் ஃபிரிட்ஸ் ஹாபர் 1909-இல் சோதனைச்சாலையில் காட்டிய வழியை, கார்ல் பாஷ் 1913-இல் ஒப்பாவ் தொழிற்சாலையில் பெரிய அளவில் நடத்திக் காட்டினார். 400 முதல் 500 டிகிரி சென்டிகிரேட் வெப்பம், நூறு, இருநூறு மடங்கு வளிமண்டல அழுத்தம், இரும்பு வினையூக்கி. இத்தனையும் சேர்ந்தால்தான் நைட்ரஜனும் ஹைட்ரஜனும் அம்மோனியாவாக இணையும். ஹைட்ரஜனோ இயற்கை வாயுவிலிருந்து வரவேண்டும்.

45 கிலோ யூரியா மூட்டை ஒன்றில் 46 சதவீதம், அதாவது 20.7 கிலோ நைட்ரஜன் இருக்கிறது. அதற்கு 25 கிலோ அம்மோனியா தேவை. ஒரு கிலோ அம்மோனியாவுக்கு ஏறத்தாழ 30 மெகா ஜூல் செலவு என்று கொண்டால், மொத்தம் 750 மெகா ஜூல். இருபது லிட்டர் டீசலை எரித்தால் கிடைக்கும் ஆற்றல் இது! இவ்வளவு செலவிட்டு வயலில் தூவும் நைட்ரஜனில் பாதிக்கும் குறைவாகவே நெற்பயிருக்குப் போய்ச் சேருகிறது. மீதி அம்மோனியாவாக ஆவியாகிறது. நைட்ரேட்டாகக் கிணற்று நீரில் இறங்குகிறது. ஒரு சிறு பகுதி, கரியமில வாயுவைவிட எடைக்கு எடை சுமார் 270 மடங்கு வெப்பத்தைத் தடுத்து வைக்கும் நைட்ரஸ் ஆக்ஸைடாக வானில் கலக்கிறது.

அப்படியானால் யூரியாவை விட்டுவிட்டுத் தொழுஉரத்தையே போடலாமே என்று தோன்றும். தொழுஉரத்தில் நைட்ரஜன் அரை சதவீத அளவில்தான் உண்டு. ஒரு மூட்டை யூரியாவுக்கு ஈடாக நான்கு டன்னுக்கு மேல் எரு வேண்டும். ஊரில் அத்தனை மாடுகள் எங்கே? மாடு இருந்தாலும், அது மேய்ந்த நிலத்து நைட்ரஜன்தான் சாணத்தில் வருகிறது. மாடு ஒன்றும் நைட்ரஜனை உண்டாக்குவதில்லை. புதிதாகக் காற்றிலிருந்து பிடித்துத் தருவது பயறு இனச் செடிகளின் வேர்முடிச்சில் வாழும் பாக்டீரியாக்கள்தாம். தொழிற்சாலையில் 400 டிகிரியில் நடக்கும் வேலையை அவை 30 டிகிரியில், ஓசையில்லாமல் செய்கின்றன. சும்மா செய்யவில்லை, செடி சூரிய ஒளியில் சமைத்த சர்க்கரையைக் கூலியாக வாங்கிக்கொண்டு செய்கின்றன. தக்கைப்பூண்டை விதைத்து, நன்றாக வளர்ந்தபின் நாற்பத்தைந்தாம் நாள் மடக்கி உழுதால், ஏக்கருக்கு 20 கிலோவுக்கு மேல் நைட்ரஜன் நிலத்தில் சேரும். மூட்டையில் இருந்த அளவைப் பாருங்கள். கணக்கு சரியாக இருக்கிறதல்லவா? நம் முன்னோர் கொழிஞ்சியும் சணப்பும் விதைத்ததிலும், கிடை போட்டதிலும் இந்தக் கணக்கு அடங்கியிருந்தது.

ஐந்தில் ஒரு பங்கு

சுவிட்சர்லாந்தில் பாசல் நகருக்கு அருகே தெர்வில் என்ற ஊரில் 1978 முதல் இயற்கை முறையையும் வழக்கமான முறையையும் அருகருகே வைத்து ஒப்பிட்டு வருகிறார்கள். இருபத்தொரு ஆண்டுக் கணக்கை 2002-இல் வெளியிட்டார்கள். இயற்கை முறையில் விளைச்சல் சராசரியாக 20 சதவீதம் குறைவு. ஆனால் இட்ட சத்தும் செலவிட்ட ஆற்றலும் 34 முதல் 53 சதவீதம் வரை குறைவு. பூச்சிக்கொல்லி 97 சதவீதம் குறைவு. மண்ணில் புழுக்களும் நுண்ணுயிர்களும் மிகுதி. பல நாட்டுச் சோதனைகளைச் சேர்த்துப் பார்த்த ஆய்வுகளும் விளைச்சல் குறைவை ஏறத்தாழ இதே அளவில்தான் சொல்கின்றன; பயறு வகைகளில் குறைவு சிறிது, தானியங்களில் பெரிது.

இந்த ஐந்தில் ஒரு பங்கை அலட்சியமாகத் தள்ளிவிட முடியாது. இன்று உலக மக்களில் ஏறத்தாழப் பாதிப்பேரின் உணவு ஹாபர் கண்ட வழியில் வந்த நைட்ரஜனால் விளைகிறது. இதை மறந்தால் என்ன ஆகும் என்பதை இலங்கை காட்டியது. 2021-ஆம் ஆண்டு ஏப்ரலில் இரசாயன உர இறக்குமதியை நிறுத்துவதாக அந்நாட்டு அரசு திடீரென அறிவித்தது. மண்ணில் மட்கைச் சேர்க்க அவகாசம் இல்லை. போதிய எருவும் இல்லை. நவம்பரில் தடையை விலக்கிக்கொண்டார்கள். அதற்குள் காலம் கடந்துவிட்டது. அடுத்த பெரும்போகத்தில் நெல் விளைச்சல் வீழ்ந்து, அரிசியை வெளிநாட்டிலிருந்து வாங்க நேர்ந்தது. அதே இயற்கை முறைக்கு மாறிய சிக்கிம், 2003-இல் முடிவெடுத்துப் படிப்படியாகச் சென்று 2016-இல்தான் முழு இயற்கை மாநிலமாக அறிவிக்கப்பட்டது. அங்கு உரப் பயன்பாடு முதலிலேயே குறைவு என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். மண்ணின் கடிகாரம் ஆண்டுகளில் ஓடுகிறது. அரசாணையின் கடிகாரம் அப்படியன்று.

பூச்சிமருந்தின் அரை ஆயுள்

உரமும் பூச்சிக்கொல்லியும் ஒன்றல்ல. இரண்டையும் 'கெமிக்கல்' என்ற ஒரே சொல்லில் அடைத்துவிடுவதால்தான் பாதிக் குழப்பம். நைட்ரேட் செடியின் உணவு. பூச்சிக்கொல்லியோ உயிரைக் கொல்வதற்கென்றே செய்யப்பட்டது.

கதிரியக்கப் பாடத்தில் அரை ஆயுள் என்பதைப் படித்திருப்பீர்கள். பூச்சிமருந்துகளும் ஏறத்தாழ அவ்வாறே தேய்கின்றன. ஒரு மருந்தின் அரை ஆயுள் ஐந்து நாள் என்று வைத்துக்கொள்வோம். தெளித்த பதினைந்தாம் நாள் எட்டில் ஒரு பங்கு எஞ்சும். ஐம்பதாம் நாள் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஆனால் இன்று மாலை தெளித்து நாளைக் காலை பறித்துச் சந்தைக்கு அனுப்பினால் ஏறத்தாழ முழுவதும் நம் வீட்டுக்கே வந்துவிடும். தெளிப்புக்கும் பறிப்புக்கும் இடையே இத்தனை நாள் காத்திருக்கவேண்டும் என்று விதி உண்டு. கத்தரியும் வெண்டையும் ஒன்றுவிட்டு ஒருநாள் காய்க்கும்போது காத்திருப்பவர் எத்தனை பேர்? மேலே படிந்ததைக் கழுவினால் ஓரளவு போகும். செடிக்குள் ஊடுருவிப் பாயும் மருந்து கழுவினால் போகாது. டி.டி.டி.யோ மண்ணில் அரை ஆயுளே ஆண்டுக்கணக்கில் உள்ளது. அதனால்தான் அது நீரிலிருந்து மீனுக்கும், மீனிலிருந்து பறவைக்கும் படிப்படியாகச் செறிந்தது.

உண்பவரைவிட முதலில் அடிபடுகிறவர் தெளிப்பவர். முகமூடியும் கையுறையும் இல்லாமல், காற்றெதிரே நின்று, முதுகில் ஒழுகும் விசைத்தெளிப்பானோடு நடக்கும் கூலியாளின் தோல் வழியே போகும் அளவோடு ஒப்பிட்டால், நம் தட்டுக்கு வருவது சொற்பம். கேரளத்தில் காசர்கோடு மாவட்டத்து முந்திரித் தோட்டங்களில் 2000 வரை இருபது ஆண்டுகளுக்கு மேல் ஹெலிகாப்டரில் எண்டோசல்ஃபான் தெளித்தார்கள். அங்கே வாழ்ந்தவர்களின் துயரம் நாடறிந்தது. 2011-இல் உச்ச நீதிமன்றம் அம்மருந்தைத் தடை செய்தது. இயற்கை விளைபொருளுக்குக் கொடுக்கும் அதிகப்படி விலையில் ஒரு பகுதி, யாரோ ஓர் உழவரின் நரம்புக்கும் நுரையீரலுக்கும் போகிறது என்று கொண்டால், அது வீண்செலவு அன்று என்பதே என் எண்ணம்.

மருந்தைக் குறைத்தால் விளைச்சல் போய்விடுமா? இந்தோனேசியாவில் நெல்லைத் தாக்கும் புகையான் பூச்சி, மருந்து தெளிக்கத் தெளிக்கப் பெருகியது. அதைத் தின்னும் சிலந்திகளை மருந்து முதலில் கொன்றுவிட்டதே காரணம். 1986-இல் நெல்லுக்கு 57 வகை மருந்துகளை அந்நாடு தடை செய்து, உழவர்களுக்குப் பூச்சிகளை இனங்காணப் பயிற்சி அளித்தது. மருந்துச் செலவு பெரிதும் குறைந்தது. நெல் விளைச்சல் குறையவில்லை.

'இயற்கையானது' என்பதாலேயே எதுவும் தீங்கற்றது ஆகிவிடாது என்பதையும் நினைவில் வையுங்கள். புகையிலைக் கஷாயம் தெளிப்பார்கள். அதில் உள்ள நிகோடின் கொடிய நஞ்சு.

தட்டில் என்ன வேற்றுமை?

இனி அந்தத் தக்காளிக்கு வருவோம். அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார் 2012-இல் இருநூறுக்கு மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். வைட்டமின் அளவில் குறிப்பிடத்தக்க வேற்றுமை இல்லை. பூச்சிக்கொல்லி எச்சம் மட்டும் இயற்கைப் பொருள்களில் குறைவு. 2014-இல் இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழகத்தார் 343 ஆய்வுகளைத் தொகுத்தார்கள். எச்சம் காணப்படும் வாய்ப்பு வழக்கமான பயிர்களில் நான்கு மடங்கு என்றும், காட்மியம் என்னும் தீய உலோகம் இயற்கைப் பயிர்களில் பாதியளவே என்றும், சில நிறமிப் பொருள்கள் சற்று மிகுதி என்றும் கண்டார்கள். இரண்டும் ஒத்துப்போகும் இடம் எச்சம். ஆகவே வைட்டமினுக்காக ஒன்றரை மடங்கு விலை கொடுப்பவர் ஏமாறுகிறார்; நஞ்சு குறையவேண்டும், நிலம் நலம்பெற வேண்டும் என்று கொடுப்பவர், அட்டை உண்மையானால், ஏமாறவில்லை. அட்டை உண்மையா என்பதற்குச் சான்றிதழ் முறை உண்டு. ஓராண்டுப் பயிர் நிலம் இரண்டு ஆண்டுகளாவது மாறுகாலத்தில் இருந்தபின்னரே முழுச் சான்று தருகிறார்கள்.

கையில் பணம் குறைவு, ஆனால் கொல்லையிலோ மாடியிலோ நான்கு தொட்டிக்கு இடம் உண்டு என்றால் இன்னும் நல்லது. பறித்த கீரை நாள் செல்லச்செல்ல வைட்டமின் 'சி'யை இழக்கிறது. கொல்லைக் கீரை அரைமணியில் அடுப்புக்கு வரும். நேற்று என்ன தெளித்தோம் என்பதும் நமக்குத் தெரியும்.

எருவையும் வீட்டிலேயே செய்யலாம். காய்ந்த சருகு, வைக்கோல் ஆகியவை கரிமம் மிகுந்தவை. காய்கறிக் கழிவும் சாணமும் நைட்ரஜன் மிகுந்தவை. ஒரு பங்கு நைட்ரஜனுக்கு 25 முதல் 30 பங்கு கரிமம் இருந்தால் நுண்ணுயிர்கள் விறுவிறுப்பாக வேலை செய்யும். நிறுத்துப் பார்க்க வேண்டியதில்லை. பச்சைக் கழிவு ஒரு கூடை என்றால் சருகு இரண்டு, மூன்று கூடை. நாற்றம் எடுத்தால் சருகு போதவில்லை, அல்லது நீர் மிகுந்து காற்று போகவில்லை என்று பொருள். குவியல் ஒரு மீட்டர் உயரமாவது இருந்தால் உள்ளே உண்டாகும் வெப்பம் வெளியே ஓடிவிடாது. ஒரு வாரத்துக்குள் நடுப்பகுதி 60 டிகிரி வரை ஏறும். நீளமான இரும்புக் கம்பியை நட்டு, பத்து நிமிடம் கழித்து இழுத்துத் தொட்டுப் பாருங்கள். பிடிக்க முடியாமல் சுடும். நோய்க் கிருமிகளும் களை விதைகளும் அந்தச் சூட்டில் பெரும்பாலும் அழியும். பச்சைச் சாணத்தைக் கரைத்து நேரே கீரைமேல் ஊற்றக்கூடாது என்பதும் இதனால்தான்.

சூடு தணியும்போது கிளறிக் காற்றுவிட்டால் மீண்டும் ஏறும். இரண்டு மூன்று முறை இப்படி ஏறி இறங்கியபின், கிளறினாலும் சூடு ஏறாமல் நின்றுவிடும். அதன்பிறகும் ஒரு மாதம் ஆறவிடுங்கள். கையில் எடுத்தால் கறுத்து, உதிரியாக, முதல் மழையில் எழும் மண்வாசனையோடு இருக்கும். அப்போது தொட்டியில் இடலாம்.